பெட்டி யாருடையதாக இருந்தாலும் சாவி நம் கையில் இருக்க வேண்டும்

(தேனாம்பேட்டையில் நடைபெற்ற தகவல் தொழில்நுட்ப அணி, வணிகர் அணி கூட்டுக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள், பகிருங்கள்.)



மேடையில் இருக்கும் நிர்வாகிகளே, தகவல் தொழில்நுட்ப அணித் தம்பிகளே, தங்கைகளே, கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்திருக்கும் வணிகர் அணி அண்ணன்மார்களே!

இந்த ரெண்டு அணியையும் ஒரே கூட்டத்துக்குக் கூப்பிட்டதுக்குக் காரணம் இருக்கு. தம்பிகள் ஒரு பக்கம் "சீனப் பொருளைத் தடை செய்" என்று பதிவு போடுறாங்க. அண்ணன்மார்கள் இன்னொரு பக்கம் "தடை, தடைன்னு சொல்றீங்க, நாங்க எதைத்தான் விக்கிறது?" என்று கேட்கிறாங்க. ரெண்டு பேச்சிலும் நியாயம் இருக்கு. ஆனா ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டு இருக்கிற நேரத்துல, உண்மையான முடிவுகளை வேற யாரோ எடுத்துக்கிட்டு இருக்காங்க. அதைப் பத்திப் பேசத்தான் வந்திருக்கேன்.

முதலில் நம்ம ஊர்க் கடலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரைக்கும் கடலுக்கு அடியில் ஒரு கேபிள் போடுறாங்க. பெயர் சீ-மீ-வீ 6. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர். அது கரையேறும் இடங்களில் ஒன்று நம்ம சென்னை. 2024 டிசம்பரில் அந்தக் கேபிள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததாக ஏர்டெல் அறிவித்தது. இந்தக் கேபிளைப் போடும் ஒப்பந்தத்துக்கு ரெண்டு கம்பெனிகள் மோதின. ஒன்று சீனாவின் எச்.எம்.என். டெக், முன்னாடி ஹுவாவே மரைன் என்ற பெயரில் இருந்தது. இன்னொன்று அமெரிக்காவின் சப்காம். சீனக் கம்பெனிதான் குறைந்த விலை சொன்னது. ஆனால் 2022 பிப்ரவரியில் ஒப்பந்தம் சப்காமுக்குப் போனது. சுமார் 60 கோடி டாலர். இடையில் அமெரிக்க அரசு என்ன செய்தது என்று ராய்ட்டர்ஸ் பின்னாடி எழுதியது. கூட்டணியில் இருந்த தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குப் பயிற்சி மானியம் கொடுத்தார்கள். தூதரகம் வழியாகப் பேசினார்கள். சீனக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால் பொருளாதாரத் தடை வரலாம் என்று எச்சரித்தார்கள். முடிவில் சைனா டெலிகாம், சைனா மொபைல் ரெண்டும் கூட்டணியை விட்டு வெளியே போயின.

நம்ம சென்னைக் கரைக்கு வரும் கேபிளை யார் போடணும் என்று வாஷிங்டனும் பெய்ஜிங்கும் மோதிக்கிச்சு. நம்ம குரல் அதில் எங்கே இருந்தது? இந்தக் கேள்வியை மனசுல வெச்சுக்கிட்டு மேலே கேளுங்க.

பயம் நியாயமானதா?

நியாயமானதுதான். ஏன் என்று எளிமையாகச் சொல்றேன்.

நீங்க கடையில் ஒரு மிக்ஸி வாங்கினா, காசு கொடுத்ததோட கடைக்காரருக்கும் மிக்ஸிக்கும் உறவு முடிஞ்சது. செல்போன் டவரில் இருக்கும் கருவி அப்படி இல்லை. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவியும் அப்படி இல்லை. வித்தவங்க தொடர்ந்து உள்ளே வருவாங்க. மென்பொருளைப் புதுப்பிக்க வருவாங்க, கோளாறு சரி செய்ய வருவாங்க. பல நேரம் ஆள் வர வேண்டியதுகூட இல்லை, எங்கேயோ உட்கார்ந்துக்கிட்டே உள்ளே நுழையலாம். அது போதாதுன்னு, சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென்றே எல்லா நாட்டு நெட்வொர்க்கிலும் அரசாங்கம் ஒரு வழி வெச்சிருக்கு. அந்த வழி தப்பான ஆள் கையில் சிக்கினால், பேசுறது நீங்களா இருக்கும், கேட்கிறது யார் என்று தெரியாது. போர் என்று வந்தால், நெட்வொர்க்கையே ஊமையாக்கவும் முடியும்.

அதனால் "வியாபாரம் வியாபாரம்தான், அதில் பாதுகாப்புப் பேச்சு எதுக்கு?" என்று யாராவது சொன்னால், அவருக்கு இந்தத் தொழில் தெரியாது என்று அர்த்தம். ஆனால் பயம் நியாயம் என்பதாலேயே, பயத்தின் பெயரில் செய்வது எல்லாமே நியாயம் ஆகிவிடாது. அதற்கு நம்ம நாட்டுக் கதையே சாட்சி.

2010இல் நடந்தது என்ன?

பலபேர் சீனக் கருவிப் பிரச்சினை 2020இல்தான் ஆரம்பித்தது என்று நினைக்கிறாங்க. இல்லை தோழர்களே. 2009 கடைசியிலிருந்து 2010 நடுப்பகுதி வரைக்கும், சீனக் கம்பெனிகளிடமிருந்து தொலைத்தொடர்புக் கருவி வாங்க ஒப்புதல் கிடைக்காமல் ஆர்டர்கள் அப்படியே நின்றுபோயின. பிறகு 2010 ஜூலையில் மத்திய அரசு விதிகளைக் கொண்டு வந்தது. கருவி விற்கும் கம்பெனி தன் மூல நிரலை, அதாவது சோர்ஸ் கோடை, பாதுகாப்புப் பெட்டகத்தில் ஒப்படைக்கணும், தொழில்நுட்பத்தைக் கைமாற்றித் தரணும், ஆய்வுக்கு ஒத்துழைக்கணும்.

அப்போ யார் அதிகமாகக் கூச்சல் போட்டது தெரியுமா? அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானியக் கம்பெனிகள்! சீனாவைக் காட்டிக் கொண்டு வந்த விதி தங்களையும் கட்டும் என்று தெரிந்ததும், "இது திறந்த சந்தைக்கு எதிரானது" என்றார்கள். விளைவு? 2011 மே மாதம் விதி மாறியது. நிரலை ஒப்படைப்பது போன்ற கடும் நிபந்தனைகள் தளர்ந்தன. பாதுகாப்புக்கு டெலிகாம் கம்பெனியே பொறுப்பு, குறை கண்டுபிடித்தால் 50 கோடி ரூபாய் அபராதம், 2013 ஏப்ரல் முதல் கருவிகளை இந்திய லேப்களில் சோதிக்கணும் என்று எழுதினார்கள்.

நல்ல விதிதான். ஆனால் சோதிக்க லேப் எங்கே? லேப் இல்லை. தேதியைத் தள்ளிப் போட்டார்கள், மறுபடியும் தள்ளிப் போட்டார்கள். தொலைத்தொடர்புக் கருவிகளுக்குக் கட்டாயச் சோதனையும் சான்றிதழும் வேண்டும் என்ற விதி 2017இல் வந்து, படிப்படியாக நடைமுறைக்கு வந்தது 2019இல். இடைப்பட்ட அத்தனை வருஷமும் நாடு முழுக்க 3ஜி, 4ஜி டவர்கள் எழும்பின. பல நெட்வொர்க்குகளில் ஹுவாவே, இசட்.டி.இ. கருவிகள் உள்ளே போய் உட்கார்ந்தன. பூட்டு வாங்கணும் என்று தீர்மானம் போட்டோம். பூட்டு வருவதற்குள் வீடே கட்டி முடித்துவிட்டோம்.

2020: கண்ணீரும் தலைப்புச் செய்தியும்

2020 ஜூன் 15. கல்வான் பள்ளத்தாக்கு. 20 இந்திய வீரர்கள் உயிர்த்தியாகம் செய்தார்கள். அதில் ஒருவர் நம்ம ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. அந்த வீரரை நினைத்து இந்த மேடையில் தலைவணங்குகிறேன்.

ஜூன் 29ஆம் தேதி டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை வந்தது. டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறைக்கான தேசியப் பாதுகாப்பு ஆணையை மத்திய அமைச்சரவை ஏற்றது. 2021 ஜூன் 15 முதல், அதாவது கல்வான் நடந்து சரியாக ஒரு வருஷம் கழித்து, டெலிகாம் கம்பெனிகள் "நம்பகமான மூலம்" என்று அரசு ஏற்ற இடத்திலிருந்துதான் புதுக் கருவி வாங்கணும் என்று ஆனது. 2021 மே மாதம் 5ஜி சோதனைக்கு அனுமதி கொடுத்தபோது எரிக்சன், நோக்கியா, சாம்சங், சி-டாட் பெயர்கள் இருந்தன. ஹுவாவே, இசட்.டி.இ. பெயர்கள் இல்லை. தடை என்று ஒரு வார்த்தை எழுதாமலேயே தடை நடந்தது.

கவனிங்க. ஏற்கெனவே போட்டிருந்த கருவிகளை எடுக்கச் சொல்லவில்லை. எடுத்தால் செலவு பல ஆயிரம் கோடி, யார் கொடுப்பது? இன்னொரு கணக்கையும் சொல்றேன். 2024-25இல் சீனாவோடு நமக்கு இருந்த வர்த்தகப் பற்றாக்குறை ஏறத்தாழ 9,900 கோடி டாலர். அதுவரைக்கும் இல்லாத உச்சம். போனில் செயலியை அழித்தோம். போனுக்குள்ளே இருக்கும் பாகம் அங்கிருந்துதான் வந்துக்கிட்டு இருக்கு.

இதைச் சொல்வது யாரையும் கேலி செய்ய இல்லை. தலைப்புச் செய்தி ஒரு நாளில் வந்துவிடும். திறமை வளர்க்க 20 வருஷம் ஆகும். அந்த ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்றேன்.

வல்லரசுகள் எப்படி விளையாடுகின்றன?

2018 ஏப்ரலில் அமெரிக்கா சீனாவின் இசட்.டி.இ. கம்பெனிக்குத் தன் நாட்டு உதிரிப் பாகங்களை விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஈரானுக்கும் வடகொரியாவுக்கும் விதியை மீறிச் சரக்கு அனுப்பியதுதான் குற்றச்சாட்டு. ஒரு மாதத்துக்குள் அந்தப் பெரிய கம்பெனி முக்கிய வேலைகளை நிறுத்த வேண்டிய நிலைமை. அமெரிக்கச் சில்லு இல்லாமல் அவர்களால் ஒரு பெட்டி செய்ய முடியவில்லை. அடுத்து என்ன நடந்தது? அன்றைய அதிபர் டிரம்ப்பே "சீனாவில் நிறைய வேலை போகிறது" என்று பதிவு போட்டார். 100 கோடி டாலர் அபராதம், இன்னும் 40 கோடி டாலர் பிணையம். ஜூலையில் தடை விலகியது.

அதே வருஷம் டிசம்பரில் ஹுவாவே நிறுவனரின் மகள் கனடாவில் கைதானபோது, வர்த்தக ஒப்பந்தத்துக்கு நல்லது என்றால் தலையிடுவேன் என்றும் டிரம்ப் சொன்னார். நான் கேட்கிறேன்: அது நாட்டுக்கே ஆபத்து என்றால், அபராதம் கட்டினதும் ஆபத்து எப்படிப் போகும்? பேரம் பேசும் சரக்காக இருந்தால், அதற்குப் பாதுகாப்பு என்று ஏன் பெயர்?

சீனா மட்டும் சும்மா இருக்கா? 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்கள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. உலகம் முழுக்க மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் தடுமாறின. அதே வருஷம் தென்னிந்தியாவில் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலைகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்கள் திரும்ப அழைக்கப்பட்டதாக ஜூலையில் செய்தி வந்தது. அவங்க கையில் இருக்கும் சாவியை அவங்களும் திருப்பிப் பார்க்கிறாங்க.

"சரி, சீனப் பெட்டி வேண்டாம், நண்பன் நாட்டுப் பெட்டி வாங்கினால் நிம்மதியா?" என்று கேட்கலாம். மூணு விஷயம் சொல்றேன், நீங்களே முடிவு பண்ணுங்க.

ஒன்று. 2024இல் அமெரிக்காவின் ஏ.டி.அண்டு டி., வெரைசன் போன்ற பெரிய நெட்வொர்க்குகளுக்குள் சீன அரசோடு தொடர்புடைய ஊடுருவல் குழு புகுந்தது வெளியே வந்தது. சால்ட் டைஃபூன் என்று பெயர் வெச்சாங்க. அந்த நெட்வொர்க்குகள் சீனக் கருவியை நம்பி நடப்பவை இல்லை. அமெரிக்க அரசு சட்டப்படி ஒட்டுக்கேட்க வெச்சிருந்த வழி வரைக்கும் அவங்க கை போயிருக்கு.

ரெண்டு. 2013இல் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களை மறந்துடாதீங்க. அமெரிக்க உளவு அமைப்பு உலகம் முழுக்கக் கேட்டுக்கிட்டு இருந்தது. ஹுவாவேயின் சொந்தக் கணினிகளுக்குள்ளேயே அமெரிக்கா புகுந்தது என்று 2014இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

மூணு. 2025 ஜூலையில், குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி என்ற இந்தியக் கம்பெனிக்கு மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. காரணம், ரஷ்யாவுக்கு எதிரான ஐரோப்பியத் தடை. இந்தியச் சட்டம் எதையும் அந்தக் கம்பெனி மீறவில்லை. டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் சேவை திரும்ப வந்தது. நம்ம மண்ணில் இருக்கும் கம்பெனியின் மின்னஞ்சல் ஓடணுமா வேண்டாமா என்று வெளிநாட்டில் முடிவாகுது.

இப்போ புரியுதா, பெட்டி எந்த நாட்டுது என்று கேட்பது பாதிக் கேள்விதான் என்று? சாவி யாரிடம் இருக்கு என்பது மீதிக் கேள்வி.

வர்த்தகச் சட்டம் என்ன சொல்கிறது?

வணிகர் அணி அண்ணன்மார்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும். உலக வர்த்தக அமைப்பின் அடிப்படை ஒப்பந்தத்தில் 21ஆவது பிரிவு இருக்கு. போர்க்காலம், நாடுகளுக்கிடையே நெருக்கடி போன்ற சூழலில், அத்தியாவசியப் பாதுகாப்புக்குத் தேவை என்று ஒரு நாடு கருதும் நடவடிக்கையை எடுக்கலாம் என்கிறது அது. "நான் கருதுகிறேன், நீ யார் கேட்க?" என்பது அமெரிக்காவின் பழைய வாதம். ஆனால் 2019இல் ரஷ்யா, உக்ரைன் வழக்கில் தீர்ப்பாயம் சொன்னது: உண்மையிலேயே நெருக்கடி இருந்ததா என்று நாங்கள் பார்ப்போம். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் இரும்பு வரி வழக்கில், பாதுகாப்பு என்ற சாக்கு செல்லாது என்று சொன்னது. அமெரிக்கா அதை ஏற்க மறுத்தது, அது வேற கதை.

நம்ம மேலேயும் வழக்கு வந்தது. தகவல் தொழில்நுட்பப் பொருளுக்கு வரி போட மாட்டோம் என்று 1997இல் ஒப்பந்தத்தில் சேர்ந்தோம். 2017இலிருந்து செல்போனுக்கு இறக்குமதி வரி போட ஆரம்பித்தோம், அது 20 சதவீதம் வரை போனது. ஐரோப்பிய யூனியன், ஜப்பான், தைவான் மூணும் வழக்குப் போட்டன. 2023 ஏப்ரலில் தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது. நாம் மேல்முறையீடு செய்தோம், மேல்முறையீட்டு அமைப்பே செயல்படாமல் கிடப்பதால் வழக்கு அப்படியே நிற்கிறது.

அந்த வரியை நான் குறை சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் வேலை வந்ததில் அதற்கும் பங்கு இருக்கு. ஆனால் அது தொழில் வளர்ப்பு. அதை அந்தப் பெயரிலேயே சொல்லலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. பாதுகாப்பு வேற, தொழில் வளர்ப்பு வேற. ரெண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால், நாளைக்கு உண்மையிலேயே ஆபத்து வந்து "இது பாதுகாப்பு" என்று நாம் சொல்லும்போது உலகம் நம்பாது. புலி வருது கதைதான்.

சிக்கல் எங்கே வந்து விடிகிறது என்று பாருங்க. இதே அண்ணா சாலையில் நேராகப் போனால் ரிச்சி தெரு. அங்கே சிசிடிவி கேமரா விற்கும் கடைக்காரரைக் கேளுங்க. 2025 ஏப்ரல் 9 முதல், இணையத்தோடு இணையும் கேமராக்களை அரசு ஏற்ற லேப்பில் பாதுகாப்புச் சோதனைக்குக் கொடுக்கணும் என்று விதி வந்தது. விதி சரி. நம்ம வீட்டு வாசலையும் பள்ளிக்கூட வராண்டாவையும் பார்க்கும் கேமராவைச் சோதிக்காமல் விடலாமா? ஆனால் லேப் வசதி போதவில்லை, அனுமதி தாமதமாகிறது என்று தயாரிப்பாளர்கள் அரசிடம் முறையிட்டார்கள். அதில் சீனக் கம்பெனி மட்டும் இல்லை, தென்கொரிய, அமெரிக்கக் கம்பெனிகளும் இருந்தன. 2011இல் நடந்த அதே கதை. விதி முதலில் வரும், லேப் பின்னால் வரும், நடுவில் சிறு கடைக்காரர் மாட்டிக்கொள்வார்.

சோதனையால் பலன் உண்டா?

உண்டு. பிரிட்டனில் 2010இலேயே ஹுவாவே கருவிகளைச் சோதிக்கத் தனி மையம் வைத்தார்கள். செலவு கம்பெனியுடையது, மேற்பார்வை பிரிட்டிஷ் உளவு அமைப்புடையது. வருஷக்கணக்காக நிரலைத் தோண்டினார்கள். 2019 அறிக்கையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? மென்பொருள் மோசமாக எழுதப்பட்டிருக்கு, யார் வேண்டுமானாலும் புகக்கூடிய ஓட்டைகள் இருக்கு, ஆனால் இவை சீன அரசு வேண்டுமென்றே வைத்தவை என்று சொல்லவில்லை என்றார்கள். அடுத்த வருஷம் பிரிட்டன் 2027க்குள் 5ஜியிலிருந்து ஹுவாவேயை எடுப்பது என்று முடிவு செய்தது. அந்த முடிவை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் கருவிக்குள் என்ன இருக்கு என்று 9 வருஷம் பார்த்து, எழுதி, மக்களுக்கு வெளியிட்டாங்க. அந்தத் திறமைதான் சாவி.

அமெரிக்காவோ, கிராமத்துச் சிறு நெட்வொர்க்குகளிடம் "சீனக் கருவியைப் பிடுங்கு" என்று சொல்லி 190 கோடி டாலர் ஒதுக்கியது. அது போதவில்லை. இன்னும் 308 கோடி டாலர் தேவை என்று ஆகி, 2024 டிசம்பரில்தான் அதற்கு வழி பிறந்தது. உள்ளே விட்ட பிறகு வெளியே எடுப்பதற்கு இதுதான் விலை.

நம்மால் முடியாதா?

முடியும். செய்து காட்டியிருக்கோம். 1984இல் சி-டாட் ஆரம்பித்தார்கள். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் நம்ம வெயிலையும் தூசியையும் தாங்காத காலத்தில், குளிர்சாதனம் இல்லாமலேயே ஓடும் கிராமத்து எக்ஸ்சேஞ்சைச் செய்தார்கள். இங்கிருந்து கிண்டி பக்கம் போனால் சென்னை ஐ.ஐ.டி. அங்கே 1990களில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசியை உருவாக்கினார்கள். அது வெளிநாடுகளுக்கும் போனது. சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் 8 நிறுவனங்கள் சேர்ந்து 220 கோடி ரூபாயில் உருவாக்கிய 5ஜி சோதனைத் தளம் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. மூளை நம்ம ஊரில் இருக்கு தோழர்களே. ஆர்டர்தான் இல்லை.

பி.எஸ்.என்.எல். கதை இதில் பாடம். 2020 மார்ச்சில் 4ஜி டெண்டர் விட்டது. சீனக் கருவி கூடாது என்றார்கள், ஜூலையில் டெண்டர் ரத்தானது. உள்நாட்டுக் கருவிதான் என்று முடிவாகி, டி.சி.எஸ்., தேஜஸ், சி-டாட் மூணும் சேர்ந்து செய்தார்கள். 2025 செப்டம்பர் 27இல் உள்நாட்டு 4ஜி தொடங்கியது, 97,500க்கும் மேற்பட்ட டவர்கள். பெருமையான விஷயம், அந்தப் பொறியாளர்களுக்குக் கைதட்டணும். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்க. ஜியோ 4ஜி வந்தது 2016இல். நாட்டில் 5ஜி தொடங்கியது 2022இல். தனியார் பழைய சீனக் கருவியை வெச்சு ஓட்டிக்கிட்டே இருக்கலாம்; பொதுத்துறை மட்டும் புதுக் கருவி தயாராகும் வரை காத்திருக்கணும். 2020 ஜனவரி கடைசியில் 78,569 ஊழியர்கள் விருப்ப ஓய்வில் போன நிறுவனம் அது. நாட்டுப் பாதுகாப்புக்கான விலையை ஏன் பி.எஸ்.என்.எல். தனியாகக் கொடுத்தது? அந்த விலைக்கு ஈடு யார் கொடுத்தது?

இன்னொரு தவறான நம்பிக்கையையும் விடணும். ஆலை வந்தால் திறமை வந்துவிடும் என்று. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் செல்போன் செய்ய ஆரம்பித்தது. உலகத்துக்கே போன் போனது. நம்ம பெண் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போனாங்க. வரித் தகராறு, கம்பெனி கைமாறியது, 2014 நவம்பர் 1இல் ஆலை மூடியது. அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனாங்க. போன் செய்யும் வடிவமைப்பும் காப்புரிமையும் அவங்களோட வீட்டுக்குப் போகலையே! பாகம் வெளியிலிருந்து வந்து, மேலாளர் வெளியிலிருந்து வந்து, திருகுவது மட்டும் நாம் என்றால், யாரோ ரெண்டு பேர் சண்டை போட்டால் முதலில் நிற்பது நம்ம ஷிஃப்ட்தான். 300 பொறியாளர் திரும்பிப் போனபோது நமக்கு வந்த கவலையே அதற்குச் சான்று.

நாம் கேட்பது என்ன?

1. "நம்பகமான மூலம்" என்றால் என்ன, அதற்கு அளவுகோல் என்ன என்று வெளிப்படையாக எழுதுங்கள். உளவுத் தகவல் ரகசியமாக இருக்கட்டும். அளவுகோல் ரகசியமாக இருக்கக் கூடாது.

2. எந்த நாட்டுக் கொடி ஒட்டியிருந்தாலும் ஒரே சோதனை. எதிரி நாட்டுக் கருவிக்குக் கூடுதல் தடை போடலாம்; நண்பன் நாட்டுக் கருவி சோதனை இல்லாமல் உள்ளே வரக் கூடாது. செயற்கைக்கோள் இணையத்துக்கு ஸ்டார்லிங்க் 2025இல் உரிமம் வாங்கியிருக்கு. அதற்கும் இதே அளவுகோல்தான்.

3. தேதி அறிவிக்கும் முன் லேப் வேண்டும். ஐ.ஐ.டி.யும் கேபிள் கரையும் தொழிற்சாலையும் இருக்கும் சென்னையில், சிறு தயாரிப்பாளர் கட்டக்கூடிய கட்டணத்தில், பெரிய சோதனைக்கூடம் அமைக்க வேண்டும்.

4. பாதுகாப்புக்காகப் பொதுத்துறையைக் காக்க வைத்தால், அந்த நஷ்டத்தை மத்திய அரசு ஈடு செய்ய வேண்டும்.

5. பாகம் தயாரிப்புக்கு 2025இல் 22,919 கோடி ரூபாய் திட்டம் அறிவித்திருக்கிறார்கள். அதில் சலுகை வாங்கும் கம்பெனி, வடிவமைப்பு வேலையையும் பயிற்சியையும் நம்ம தொழிலாளிக்குக் கொடுக்கும் என்று எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, ஐ.டி. அணித் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும். கையில் சீன போன் வைத்திருக்கிறவரைத் துரோகி என்று எழுதாதீங்க. 10,000 ரூபாய்க்குள் பிள்ளையின் படிப்புக்குப் போன் வாங்கிய அம்மா அவர். அவருக்கு வேறு போன் செய்து கொடுக்காதது அவர் குற்றமா? கண் சாய்வாக இருக்கிறது என்று வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளையைச் சீனன் என்று கூப்பிடுவதை எங்கே பார்த்தாலும் தடுத்து நிறுத்துங்க. அது தேசபக்தி இல்லை.

அதற்குப் பதிலாக, இனிமேல் எந்தத் தடைச் செய்தி வந்தாலும் மூணே கேள்வி கேளுங்க. எழுதி வெச்சுக்கோங்க. ஆபத்து என்ன என்று சோதித்துப் பார்த்தார்களா? இதே விதி எல்லா நாட்டுக்கும் உண்டா? தடை போட்ட இடத்தில் நாம் செய்த பொருள் எப்போது வரும்? இந்த மூணுக்கும் பதில் இருந்தால் முதல் ஆளாக ஆதரியுங்க. பதில் இல்லை என்றால், யார் ஆட்சியாக இருந்தாலும், கேட்டுக்கிட்டே இருங்க.

வணிகர் அணி அண்ணன்மார்களுக்கு ஒரே வேண்டுகோள். சோதனைச் சான்று இல்லாத சரக்கை "சும்மா விலை மலிவு" என்று தள்ளிவிடாதீங்க. உங்ககிட்ட வாங்குகிறவர் நம்ம தெருக்காரர். சான்று தாமதமானால் எங்ககிட்ட வாங்க, சேர்ந்து போய்க் கேட்போம்.

கடலுக்கு அடியில் கேபிள் வருது. வானத்திலிருந்து சிக்னல் வருது. யார் வேண்டுமானாலும் விற்கட்டும், நல்ல விலைக்கு நாம் வாங்குவோம். கதவைத் திறந்து வைக்க நமக்குப் பயமில்லை. சாவி நம்ம இடுப்பில் இருக்கிற வரைக்கும்.



#சாவி_நம்_கையில் #தேனாம்பேட்டை_உரை